ஐந்தாம் கதவு

தொண்ணூற்றாறு பெண் பிள்ளைகளில் முப்பத்து மூன்று பேர் பாடசாலையை விட்டு நின்றுவிட்டார்கள் என்று நான் எழுதியிருந்தேன். அதே தேயிலைத் தோட்டத்தில், அதே டிவிசனில், அதே இருபத்திரண்டு லயங்களில் இரண்டு மாதம் கழித்து ஷெரோமி போய்க் கேட்டு எழுதியது: இருபத்து மூன்று பேரில் ஒருத்தி.

இதுதான் எனக்கு விளங்காமல் கிடந்த கணக்கு.

நான் இருநூற்றிருபது கதவுகளையும் தட்டினேன். ஷெரோமி நாற்பத்து நான்கு கதவுகளைத் தட்டினாள். அதில் பிழையில்லை. ஒரு சட்டிக் கறியின் உப்பைப் பார்க்க முழுச் சட்டியையும் சாப்பிடத் தேவையில்லை; ஒரு கரண்டி போதும். ஆய்வுகள் எல்லாம் அந்தக் கரண்டியை நம்பித்தான் நடக்கின்றன. கரண்டியில் உப்புக் கொஞ்சம் கூடலாம், குறையலாம். ஆனால் சட்டி முழுக்க உப்பாக இருக்கும்போது கரண்டியில் மட்டும் உப்பே இல்லாமல் போகாது.

ஒவ்வொரு காரணமாக எடுத்துத் தட்டிப் பார்த்தேன். இரண்டு மாதத்தில் முப்பது பிள்ளைகள் திரும்பப் பாடசாலைக்குப் போய்விட்டார்களா? தோட்டம் இருக்கும் எல்கடுவைப் பக்கம் அப்படி ஓர் அதிசயம் நடந்திருந்தால் அந்தப் பாடசாலை அதிபர் என்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருப்பார். வெட்கத்தில் தாய்மார் பொய் சொன்னார்களா? எனக்குச் சொல்லாத பொய்யை, அந்தத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த ஷெரோமியிடம் ஏன் சொல்ல வேண்டும்? ஷெரோமி வீட்டில் இருந்துகொண்டே படிவம் நிரப்பினாளா? அவளை நான்தான் பழக்கினேன். மழையில் நனைந்த படிவத்தை அடுப்பில் காய வைத்து, எழுத்து அழிந்த இரண்டு கேள்விகளுக்காகத் திரும்பவும் மலை ஏறியவள் அவள்.

அவள் பொய் எழுதவில்லை. நானும் எழுதவில்லை. இரண்டு உண்மைகள் இப்படி ஒன்றையொன்று அடித்துக்கொள்ள ஏதோ ஒரு காரணம் இருக்க வேண்டும். அதை நான் பதினான்காம் தேதிக்கு முன் கண்டுபிடித்தாக வேண்டும்.

ஏன் பதினான்கு என்று சொல்கிறேன்.

பெண் பிள்ளைகளின் படிப்பையும் வீட்டு வறுமையையும் சேர்த்துப் பார்க்கும் ஆய்வு அது. இலங்கை, நேபாளம், உகண்டா என்று மூன்று நாடுகளில் நடந்தது. நோர்வேயில் இருந்த பேராசிரியர் இங்கரிட் தலைவர். இலங்கைக்குப் பொறுப்பு கொழும்பிலிருந்த டொக்டர் ஜெயகாந்த். மாத்தளை மாவட்டத்துக்குக் களப் பொறுப்பாளர் நான், உக்குவளை நஸ்மியா.

முதல் சுற்றை என் முறைப்படி செய்தேன். ஒரு கதவும் விடவில்லை. பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டுத் தாய்மார் திரும்பும் நேரம் பார்த்துப் பின்னேரம் நான்கரைக்கு மேலே போவேன். ஆறு நாளில் முடித்தேன். நின்றுபோன முப்பத்து மூன்று பிள்ளைகளில் முப்பத்தொரு பேர் ஒரே காரணத்தைச் சொன்னார்கள்: வீட்டில் இடமில்லை. அதை அப்படியே எழுதினேன்.

தம்புள்ளையில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். நாற்பது பேர் இருந்தோம். வலயக் கல்வி அலுவலகத்திலிருந்தும் வந்திருந்தார்கள். ஜெயகாந்த் என் படிவக் கட்டைத் தூக்கிப் பிடித்தார்.

"முப்பத்தொரு பேர் ஒரே வாய்ல ஒரே பதில் சொல்லியிருக்காங்க. ஒரு நாளைக்கு முப்பத்தாறு, முப்பத்தேழு கதவு தட்டியிருக்காங்க. இது லயத்துல நிரப்பின ஃபோம் இல்ல. உக்குவளையில, ஃபேனுக்குக் கீழ உட்கார்ந்து நிரப்பினது."

சிரித்தார்கள். எனக்குத் தெரிந்தவர்களும் சிரித்தார்கள்.

பதில்கள் ஒன்றுபோல இருந்தால் சந்தேகப்பட வேண்டும் என்பது ஆய்வில் சரியான விதிதான். அந்த விதியை நானே என்னிடம் களப்பணி பழகும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் சந்தேகம் வந்தால் மலை ஏறிப் போய் ஒரு கதவைத் தட்டிப் பார்க்க வேண்டும். அவர் தட்டவில்லை. அன்றே என்னை நிறுத்தினார். பிறகு தானே ஒரு புது முறை வகுத்து, எந்தக் கதவைத் தட்டுவது என்று சொல்லும் டெப் கருவியோடு ஷெரோமியை அனுப்பி, இருபத்து மூன்றில் ஒருத்தி என்று எடுத்தார். வேறு எந்த ஆய்வுக்கும் என்னை யாரும் கூப்பிடவில்லை. கேட்ட இடத்தில் எல்லாம், "ஆ, அந்த ஃபேன் மிஸ்ஸா?" என்றார்கள்.

பிறகு அறிக்கையின் வரைவு இணையத்தில் வந்தது. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஓர் அடிக்குறிப்பு: மாத்தளை முதல் சுற்றுத் தரவு, களப் பொறுப்பாளர் திருமதி நஸ்மியா பவாஸ் புனைந்து நிரப்பியது எனக் கருதப்பட்டு நீக்கப்பட்டது. மூன்று நாடுகளிலும் வாசிப்பார்கள். நான் போன அந்த மேல் டிவிசனுக்குப் பெண் பிள்ளைகளின் உதவித்தொகை தேவையில்லை என்பது அதற்கு மேலேயே இருந்தது. வரைவைப் பதினான்காம் தேதி அதே தம்புள்ளை மண்டபத்தில், அதே ஆட்கள் முன்னால், யாரும் வந்து கேட்கும்படி வாசித்து, அன்றே கையெழுத்து வைப்பார்கள். அதன் பிறகு அந்த அடிக்குறிப்பை யாராலும் அசைக்க முடியாது.

களத்தில் நான் எழுதிய ஆறு சீ.ஆர். கொப்பிகள் என்னிடம் இருந்தன. கதவு எண், பிள்ளையின் பெயர், வயது, வகுப்பு, நின்ற காரணம், எல்லாம் இருந்தன. ஆனால் அதைக் காட்டி என்ன பயன்? கொப்பியையும் ஃபேனுக்குக் கீழேதான் எழுதினாள் என்பார். என் கையெழுத்து என் கையெழுத்துக்குச் சாட்சியாகாது.

மூன்றாம் தேதி ஷெரோமி வீட்டுக்கு வந்தாள். என் கணவர் பவாஸ் த்ரீவீலைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"வாங்க பிள்ள. உங்கட மிஸ் ஒரு மாசமா அந்தக் கொப்பியத்தான் ஓதிட்டு இருக்கா. நோன்புக்குக் குர்ஆன இவ்வளவு வேகமா முடிச்சிருந்தா சொர்க்கம் நிச்சயம்."

"நீங்க வண்டிய ஓதுங்க," என்றேன்.

ஷெரோமி சிரிக்கவில்லை. முன் வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"மிஸ், நான் சத்தியமா பொய் எழுதல. மாதா மேல சத்தியம். நாப்பத்து நாலு கதவும் தட்டுனேன். டெப்புல எந்தக் கதவு வந்துச்சோ அதத்தான் தட்டுனேன்."

"உன்ன யாரு புள்ள பொய்னு சொன்னது?"

"என் கணக்கு சரின்னா உங்க கணக்கு பொய்யின்னுதானே மிஸ் ஆவுது. பதினாலாம் தேதி சேர் என்னையத்தான் மேடையில ஏத்தப் போறாராம். களத்துல நடந்தத சொல்லச் சொல்றாரு. நான் எப்புடி மிஸ் அதச் சொல்லுவேன்?"

அவள் எழுதிய பெயர்களைக் காட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. வெளியே காட்டுவதில்லை என்று அவள் கையெழுத்து வைத்திருக்கிறாள். அந்தக் கையெழுத்தை மதிக்கப் பழக்கியதும் நான்தான். அதனால் வேறு மாதிரிக் கேட்டேன்.

"பேர் வேணாம். போன கதைய மட்டும் சொல்லு. மொதல் நாள் காலையில இருந்து."

அவள் சொன்னாள். டெப்பில் வந்த வரிசை, வழியில் அட்டை கடித்தது, முடித்த ஒவ்வொரு கதவிலும் நீல ஸ்டிக்கர் ஒட்டியது. நடுவில் சாதாரணமாக ஒன்றைச் சொன்னாள்.

"இந்தத் தடவ, முந்தி வேற தோட்டத்துக்கு உங்க கூட வந்தப்ப மாதிரி கால் வலியே இல்ல மிஸ். எல்லா வீட்லயும் உக்கார எடம் இருந்துச்சு. சாஞ்சு உக்கார செட்டி போட்டுருந்தாங்க. தேத்தண்ணி வேற."

நான் கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்தேன்.

முதல் சுற்றில் நான் பெரும்பாலும் நின்றுகொண்டேதான் எழுதினேன். உட்கார்ந்தால் அந்த வீட்டில் இன்னொருவர் எழுந்து வெளியே போக வேண்டும். அப்படிப்பட்ட டிவிசனில் நாற்பத்து நான்கு வீடுகளிலும் உட்கார இடம் எப்படிக் கிடைத்தது?

"பவாஸ்," என்றேன். "வண்டிய எடுங்க. எல்கடுவைக்குப் போவோம்."

"இப்பத்தானே கழுவினேன்!"

"திரும்பக் கழுவலாம்."

லயம் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இந்தக் கதையே அதில்தான் இருக்கிறது. நீளமான ஒரு கட்டடம். நடுவில் நெடுக ஒரு சுவர். முன்பக்கம் ஐந்து காம்பராக்கள், பின்பக்கம் ஐந்து, முதுகோடு முதுகு ஒட்டியபடி. ஒரு காம்பரா, ஒரு குடும்பம். நடுவில் அகப்பட்ட காம்பராவுக்கு இடப்பக்கம் ஒரு வீட்டுச் சுவர், வலப்பக்கம் ஒரு வீட்டுச் சுவர், பின்னால் ஒரு வீட்டுச் சுவர். முன்னால் ஒரு கதவு. அவ்வளவுதான். ஜன்னல் வைக்க இடமில்லை. நீட்டிக் கட்டவும் வழியில்லை.

கோடியில் இருக்கும் காம்பராவைத் தொங்கல் காம்பரா என்பார்கள். அதற்கு ஒரு பக்கச் சுவர் வெளியே பார்த்தபடி இருக்கும். அந்தச் சுவரில் ஜன்னல் வைக்கலாம். சுவரை ஒட்டி ஒரு அறை இழுக்கலாம், தகரம் போட்டுக் குளிக்க மறைப்புக் கட்டலாம். கங்காணி, வெளிநாட்டில் மகள் இருப்பவர், த்ரீவீல் வைத்திருப்பவர் என்று கொஞ்சம் தலை தூக்கியவர்கள் எல்லாம் எப்படியோ ஒரு தொங்கலுக்கு மாறிக்கொள்வார்கள். ஒரே லயத்தில் பத்தடி தள்ளி இருக்கும் இரண்டு வீடுகளுக்கு நடுவே இவ்வளவு தூரம்.

மேல் டிவிசனில் மூன்றாம் லயத்தின் நடுவில் சந்திரகாந்தா இருந்தாள். பதினாறு வயது. ஒன்பதாம் தரத்தோடு நின்றவள்; என் கொப்பியில் இருந்த முப்பத்து மூன்று பேரில் ஒருத்தி. அவளுடைய அம்மா கொழுந்துச் சாக்கை மடித்துக்கொண்டே பேசினார்.

"இல்லீங்க மிஸ், ரெண்டாவது தடவ எங்க வீட்டுக்கு யாருமே வரல. இந்தப் புள்ள ஷெரோமி தொங்க வீட்டுக்கு வந்துட்டுப் போனத பாத்தேன். சரி, எப்பவும் போலதானேன்னு இருந்துட்டேன்."

"எப்பவும் போலன்னா?"

"யாரு வந்தாலும் தொங்க வீட்டுக்குத்தானே கூட்டிட்டுப் போவாங்க. ஃபாதர் வந்தாலும், யூனியன் ஆளுங்க வந்தாலும், மருத்துவிச்சி வந்தாலும். வந்தவங்கள உக்கார வைக்கணுமில்ல. எங்க வீட்ல எங்க உக்கார வைக்கிறது?"

ஷெரோமி என்னைப் பார்த்தாள். அவள் அங்கே பிறந்தவள். வெளியாள் வந்தால் தொங்கல் வீட்டுக்குப் போவது அவளுக்கு மழை கீழே விழுவது மாதிரி. அதைப் பார்த்து அவள் ஏன் ஆச்சரியப்பட வேண்டும்? டெப் அவளைத் தொங்கல் வீட்டுக்கு அனுப்பியது. அவள் போனாள். ஒரு தடவைகூட ஏனென்று கேட்கத் தோன்றவில்லை.

"சந்திரகாந்தாவ என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டேன்.

"இருவதாம் தேதி கொழும்புல இருந்து ஆள் வருது. வீட்டு வேலைக்கு. வயசுப் புள்ள, உடுப்பு மாத்தக்கூட எடமில்ல மிஸ். அண்ணங்காரன் ரெண்டு பேரு. எம்புட்டு நாளைக்கு வெளியில நின்னு மழைய பாத்துக்கிட்டு இருப்பா?"

முப்பத்தொரு பேரின் ஒரே பதில் இதுதான். வெவ்வேறு வாய்கள், ஒரே அளவில் கட்டிய பெட்டி. பெட்டி ஒன்றுதான் என்றால் பதிலும் ஒன்றாகத்தான் இருக்கும்.

கீழே இறங்காமல் மேலே தேயிலைப் பாதைக்கு ஏறினேன். அங்கிருந்து பார்த்தால் லயங்கள் எல்லாம் படி படியாகத் தெரியும். ஒரு லயத்தின் முன்பக்கத்தைப் பார்த்தேன். ஐந்து கதவு, வலக்கோடிக் கதவில் நீல ஸ்டிக்கர். இன்னொன்றின் பின்பக்கத்தைப் பார்த்தேன். ஐந்து கதவு, வலக்கோடியில் நீல ஸ்டிக்கர். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் வலக்கோடியில் ஒரு நீலப் பொட்டு. இருபத்திரண்டு லயத்துக்கும் அப்படியே.

"ஷெரோமி, டெப் எப்படிக் கதவு சொல்லும்? எத்தனைக்கு ஒண்ணு?"

"அஞ்சுக்கு ஒண்ணு மிஸ். அஞ்சு, பத்து, அப்பறம் அடுத்த லயத்துல அஞ்சு, பத்து."

தோட்டத்தில் கதவுகளுக்கு எண் பூசியிருக்கிறார்கள். முன்பக்கம் இடமிருந்து வலமாக ஒன்று முதல் ஐந்து. அப்படியே கோடியைச் சுற்றிப் பின்னால் போய் ஆறு முதல் பத்து. ஐந்தாம் கதவு முன்பக்கத்துத் தொங்கல். பத்தாம் கதவு பின்பக்கத்துத் தொங்கல்.

நான் அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்து சிரித்தேன். பவாஸ் பயந்துவிட்டார்.

"என்னா நஸ்மியா, அட்டை கடிச்சிட்டா?"

"இல்ல. இப்ப இன்னொரு ஆளத்தான் கடிக்கப் போகுது."

வீட்டுக்கு வந்ததும் சமையல் மேசையில் ஆறு கொப்பிகளையும் விரித்தேன். இருபத்திரண்டு லயத்திலும் ஐந்தாம் கதவையும் பத்தாம் கதவையும் மட்டும் தனியாக எடுத்தேன். அந்த நாற்பத்து நான்கு வீடுகளில் எத்தனை பெண் பிள்ளைகள்? இருபத்து மூன்று. நின்றவர்கள்? ஒருத்தி. எட்டாம் லயத்துப் பத்தாம் கதவு. கலியாணம் முடித்துப் போனவள்.

இரண்டாம் தடவையும் எண்ணினேன். இருபத்து மூன்றில் ஒருத்தி.

ஜெயகாந்தின் ஆய்வு முழுவதும் என் கொப்பிக்குள்ளேயே இருந்தது. இரண்டு மாதம் முன்னதாகவே, என் கையெழுத்தில்.

மிச்சத்தையும் பிரித்தேன். ஒன்றாம் கதவும் ஆறாம் கதவும் தொங்கல்தான். நான்கு தொங்கல்களையும் சேர்த்தால் எண்பத்தெட்டு வீடு, நாற்பத்திரண்டு பிள்ளைகள், நின்றவர்கள் இரண்டு. நடுக் காம்பராக்கள் நூற்று முப்பத்திரண்டு, ஐம்பத்து நான்கு பிள்ளைகள், நின்றவர்கள் முப்பத்தொன்று. இடமில்லை என்று சொன்ன அந்த முப்பத்தொன்று. கறிச் சட்டியில் உப்பு முழுக்க அடியில் கிடந்தது. கலக்காமல் மேலாகக் கரண்டியை விட்டிருக்கிறார்.

ஷெரோமி மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தாள். முகம் வெளிச்சமாகிவிட்டது. "மிஸ், இப்பவே சேருக்கு ஒரு கோல் எடுத்துச் சொல்லுவோம். அவரே திருத்திருவாரு."

"சொல்ல மாட்டேன்."

"ஏன் மிஸ்?"

"சொன்னா என்ன நடக்கும், யோசிச்சுப் பாரு. 'தேங்க்ஸ் நஸ்மியா'ன்னு சொல்லுவாரு. ரெண்டு நாள்ல கணக்கத் திருத்துவாரு. தானே கண்டுபிடிச்சதா ஒரு பக்கம் எழுதுவாரு. அடிக்குறிப்ப சத்தமில்லாம எடுத்துருவாரு. நாப்பது பேர் சிரிச்சாங்களே, அந்த நாப்பது பேருக்கும் யாரு போய்ச் சொல்றது? என்ன அவர் எந்த மண்டபத்துல வச்சுச் சொன்னாரோ, அதே மண்டபத்துல, அதே நாப்பது பேருக்கு முன்னால. அதுக்குக் கொறஞ்சு ஒண்ணும் வேணாம்."

"பாவம் மிஸ், வயசான மனுசன்."

"எனக்கும் வயசாகுது புள்ள. அவர்தான் ஆக்கினாரு."

"சந்திரகாந்தா?" என்றாள்.

இருபதாம் தேதிதான் கொழும்பிலிருந்து ஆள் வரும். கூட்டம் பதினான்காம் தேதி. காத்திருப்பதால் அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் கெட்டுப்போகாது. இதை ஷெரோமியிடம் சொன்னேன். ஆனால் முதலில் என் நாளைப் பார்த்துவிட்டு, பிறகுதான் அந்தப் பிள்ளையின் நாளைப் பார்த்தேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

பதினொரு நாள் நன்றாகத் தூங்கினேன். ஜெயகாந்த் என்ன சொல்வார், எந்தச் சொல்லில் தப்பப் பார்ப்பார் என்று ஒவ்வொரு வழியாக யோசித்து ஒவ்வொன்றையும் அடைத்தேன். "களப்பணியாளர் கதவை மாற்றிவிட்டார்" என்பது ஒரு வழி. அப்படிச் சொன்னால் பழி ஷெரோமியின் தலையில் விழும். ஆகவே அந்தக் கதவை அவர் வாயாலேயே முதலில் பூட்ட வைக்க வேண்டும்.

மண்டபத்தில் அதே நாற்காலிகள், அதே மேசை விரிப்பு. பேராசிரியர் இங்கரிட் நேரில் வந்திருந்தார். நரைத்த தலை, கையில் மடிக்கணினி. உகண்டாவிலிருந்து டொக்டர் நமுகோசா திரையில் இருந்தார். ஜெயகாந்த் அறிக்கையை வாசித்து முடித்து, ஷெரோமியை மேடைக்கு அழைப்பதற்கு முன் கேள்விகளுக்கு நேரம் கொடுத்தார். நான் எழுந்தேன்.

"ஓ, நஸ்மியா," என்றார், மைக்கிலேயே, தமிழில். "எப்படி? ஃபேன் நல்லா சுத்துதா?"

சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று நின்றேன். எவ்வளவு சத்தமாகச் சிரிக்கிறார்களோ அவ்வளவுக்குப் பிறகு அமைதி நன்றாகக் கேட்கும்.

பேராசிரியருக்கும் விளங்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். "டொக்டர், கதவுகளைத் தெரிவு செய்தது யார்? களத்துக்குப் போனவர்களா?"

"இல்லை. அந்தத் தவறு திரும்ப நடக்கக் கூடாது என்றுதான் கருவியே சொல்லும்படி செய்தேன். ஒவ்வொரு ஐந்தாவது கதவு. யாராலும் மாற்ற முடியாது."

"ஷெரோமி ஒரு கதவையும் மாற்றவில்லை?"

"ஒன்றையும் இல்லை. மிகச் சுத்தமான வேலை. நீங்களும் பார்த்துப் பழகலாம்."

பூட்டிவிட்டார். சாவியை நான் எடுத்துக்கொண்டேன்.

"ஒரு லயத்தில் எத்தனை கதவுகள்?"

அவர் தாளைப் புரட்டினார். "பத்து... பன்னிரண்டு. இடத்துக்கு இடம் வேறுபடும்."

"இந்த டிவிசனில் பத்து. இருபத்திரண்டு லயத்திலும் பத்தேதான். நீங்கள் அங்கே எத்தனை தடவை போயிருக்கிறீர்கள்?"

அவர் திரும்பவும் தாளைப் புரட்டினார்.

வெள்ளைப் பலகையில் நீளமாக ஒரு பெட்டி வரைந்தேன். நடுவில் ஒரு கோடு. எண்களைப் போட்டேன், முன்னால் ஒன்று முதல் ஐந்து, சுற்றிப் பின்னால் ஆறு முதல் பத்து. ஐந்தையும் பத்தையும் நீலத்தில் வட்டமிட்டேன். தொங்கல் காம்பரா என்றால் என்ன என்று சொன்னேன். ஜன்னலைச் சொன்னேன், இழுத்துக் கட்டிய அறையைச் சொன்னேன், உட்கார வைக்கும் செட்டியைச் சொன்னேன். அவசரப்படவில்லை. ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லும்போது எனக்கு எப்போதுமே சந்தோசம் வரும். அன்று அது இரண்டு மடங்காக வந்தது.

"டொக்டர் இருபத்திரண்டு லயத்துக்கு ஆள் அனுப்பி, நடுக் காம்பரா ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை," என்றேன்.

"இது ஊகம்," என்றார் ஜெயகாந்த். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "முதல் சுற்றுத் தரவு புனைவு என்று ஏற்கெனவே முடிவாகிவிட்டது."

அதற்காகத்தான் காத்திருந்தேன். கொப்பியிலிருந்து எடுத்து எழுதிய ஒரு தாளை உறையில் போட்டு ஒட்டி வைத்திருந்தேன். அதைப் பேராசிரியரிடம் கொடுத்தேன்.

"ஐந்தாம், பத்தாம் கதவுகளில் நான் கண்ட பிள்ளைகளின் பெயர், வயது, வகுப்பு. ஷெரோமியின் பட்டியலை நான் பார்த்ததில்லை. அவள் காட்டவும் இல்லை. அது உங்கள் கணினியில் இருக்கிறது. நீங்களே ஒத்துப் பாருங்கள். உரக்க வாசிக்க வேண்டாம்."

அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். விரலால் ஒவ்வொரு வரியாகத் தாளிலும் திரையிலும் நகர்ந்தார். தேநீர்க் கோப்பை வைக்க வந்த ஹோட்டல்காரர்கூட அப்படியே நின்றார். ஜெயகாந்த் தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறந்தார், மூடினார், திறந்தார்.

"இருபத்து மூன்று," என்றார் பேராசிரியர் கடைசியில். "இருபத்து மூன்றும் பொருந்துகின்றன. நின்றுபோன ஒரு பிள்ளை உட்பட." கண்ணாடியைக் கழற்றினார். "வீட்டில் இருந்துகொண்டு இதைப் புனைய முடியாது, ஜெயகாந்த்."

நான் தமிழுக்கு மாறினேன். இது அந்த நாற்பது பேருக்கு.

"ஃபேன் நல்லாத்தான் சுத்துது சேர். நீங்கதான் லயத்தச் சுத்திப் பாக்கல்ல."

இந்தத் தடவையும் சிரித்தார்கள். அவர் முகத்தை நான் பார்த்தேன். கடைசி வரைக்கும் பார்த்தேன்; கண்ணை எடுக்கவில்லை. காது மடல் முதலில் சிவந்தது, பிறகு கழுத்து.

அந்த அடிக்குறிப்பை உடனே எடுத்துவிடுவதாகப் பேராசிரியர் சொன்னார். மன்னிப்பும் கேட்டார்.

"எடுக்க வேண்டாம்," என்றேன். "அப்படியே இருக்கட்டும். அதற்குக் கீழே, இது பிழை, முதல் சுற்றே சரி என்று டொக்டர் தன் பெயரில் எழுதட்டும். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இரண்டும் ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்கட்டும். வாசிக்கிறவர்கள் வாசிக்கட்டும்."

பேராசிரியர் ஜெயகாந்தைப் பார்த்தார். அவர் தலையை ஆட்டினார். உதவித்தொகை தேவையில்லை என்ற பந்தியைப் பேராசிரியர் தானே பேனையால் வெட்டி, மேல் டிவிசன் முதலிடம் என்று ஓரத்தில் எழுதினார். ஷெரோமி பின் வரிசையில் போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். சந்திரகாந்தாவின் அம்மாவுக்குத்தான்.

அப்போது திரையில் நமுகோசா கையை உயர்த்தினார். அவர்கள் ஊரில் கரும்புத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகள், எட்டுக் கதவு, நாலாவது கதவை எடுத்திருக்கிறார்களாம். "எங்கள் கணக்கும் இப்படித்தான் இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. எல்லாக் கதவையும் தட்ட எங்களிடம் ஆட்கள் இல்லை. என்ன செய்வது?"

என்னைத்தான் கேட்டார். நான் பேனையை ஜெயகாந்திடம் நீட்டினேன்.

"நான் சொல்றேன். நீங்க எழுதுங்க சேர்."

மண்டபம் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் எழுந்து வந்தார். பேனையை வாங்கினார். நான் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னேன். அவர் என் பெட்டிக்குக் கீழே ஒவ்வொன்றாக எழுதினார். ஏழு, நாலு, ஒன்று, எட்டு, ஐந்து, இரண்டு, ஒன்பது, ஆறு, மூன்று, பத்து.

பத்துக் கதவு லயத்தில் ஐந்துக்கு ஒரு கதவு எடுத்தால் எந்த லயத்துக்குப் போனாலும் அதே இரண்டு இடத்தில்தான் நிற்போம். லயம் மாறினாலும் எண்ணிக்கையை நிறுத்தாமல் தொடர்ந்து எண்ணி, ஏழுக்கு ஒரு கதவு எடுக்க வேண்டும். எட்டுக் கதவு என்றாலும் ஏழு சரிவரும். முதல் லயத்தில் ஏழாம் கதவு, இரண்டாம் லயத்தில் நாலாம் கதவு, மூன்றாம் லயத்தில் ஒன்றாம் கதவும் எட்டாம் கதவும் என்று அது நகர்ந்துகொண்டே போகும். ஏழு லயம் முடிவதற்குள் தொங்கலும் நடுவுமாகப் பத்து இடத்துக் கதவும் ஒவ்வொரு தடவை தட்டப்பட்டிருக்கும்.